கடைசியில் ஓடின முதல் வரி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்ண்ணா. எனக்கு வெளிய பாக்கறதுக்கு ஒன்னுமில்ல. அந்தப் பையில என்னங்க, கரண்டிங்களா? சமையல் மாஸ்டருங்களா நீங்க! உடுமலையில கல்யாண வேலையா? சரிதான் போங்க. கல்யாணம்னு காதுல விழுந்தாலே எனக்கு இப்ப எந்திரிச்சு ஓடலாம் போல இருக்குது.

அங்க முன்னாடி பாருங்க, டிரைவருக்குப் பின்னால, பச்சைப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு மடியில கூடையோட உக்காந்திருக்காங்களே, அவங்கதான் எங்கம்மா. பக்கத்துல பெரியம்மா. கூடையில பூவு, பழம், மஞ்சள், குங்குமம், ஒரு சேலை. உடுமலைக்குப் பொண்ணு பாக்கப் போறோமுங்க. மாப்பிள்ளை யாருன்னு கேக்கறீங்களா? நானேதான். மூஞ்சியப் பாத்தாத் தெரியலீங்களா?

பொண்ணு பாக்கறதுன்னு பேருதான். எங்கம்மா முடிவே பண்ணிட்டாங்க. பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருக்குது, இனி என்னடா பாக்கறது, போன கையோட பூவ வெச்சு உறுதி பண்ணிட்டு வந்தர்லாம்னு சொல்லிப்போட்டாங்க. நேத்துப் பூரா ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் போனு. ஒன்பது பொருத்தம், ஒன்பது பொருத்தம்னு ஊரே அதிருது.

அந்த ஒன்பது இருக்குதுங்களே, அது நான் போட்டதுங்ண்ணா. கையில தட்டி விட்ட நம்பரு. பொய்யி.

இல்லீங்ண்ணா, மோசடியெல்லாம் இல்ல. அய்யோ, அப்படிப் பாக்காதீங்க. நான் மோசடி பண்ற ஆளா? வேலையில நடந்த தப்புங்க. ஒரு வரி. ஒரே ஒரு வரி ஓட வேண்டிய நேரத்துல ஓடாம, பின்னாடி ஓடிருச்சு. அதுக்கு இப்ப பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போயிட்டிருக்கோம். யாருகிட்டயாவது சொல்லலீன்னா எனக்கு நெஞ்சே வெடிச்சுரும் போல இருக்குது. கேளுங்க.

கோயமுத்தூருல வரன் பாத்துக் குடுக்கற கம்பெனி ஒன்னுல வேலை செய்யறேன். சாதகத்தப் பதிஞ்சு வெச்சா, கம்ப்யூட்டரே பொருத்தம் பாத்து, ரெண்டு வீட்டுக்கும் போனுக்கு மெசேஜ் போட்டு விடும். அந்த புரோகிராம் எழுதறவனுங்க நானு. ஜாவாஸ்கிரிப்ட்டுன்னு ஒரு பாஷை, அதுல எழுதறது. எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுத மாட்டோம். சாதகக் கணக்குக்கு ஒரு ஃபைலு, பொருத்தத்துக்கு ஒரு ஃபைலு, மெசேஜ் அனுப்பறதுக்கு ஒரு ஃபைலு. ஒன்னுக்கு ஒன்னு வேணும்னா கூப்பிட்டுக்கும்.

உங்க அடுப்படி மாதிரியே தானுங்ண்ணா. காய் வெட்டறதுக்கு ஒருத்தன், பந்தியில பரிமாற ஒருத்தன் வெச்சிருப்பீங்கல்ல? பழைய மொறையில எப்படின்னா, நீங்க பாட்டுக்கு சாம்பாரக் கிண்டிக்கிட்டே, வேணுங்கறப்ப 'ஏப்பா நீ வா'ன்னு கூப்பிடுவீங்க. கூப்பிட்டாத்தான் வருவான். அதுக்கு ரெக்வயர்னு பேரு. புது மொறைக்கு இம்போர்ட்டுன்னு பேரு. அதுல, யாரு யாரு வேணுமோ அத்தனை பேரும் நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே உள்ள வந்து, எலையப் போட்டுத் தயாரா நின்னுருவாங்க. அதுக்கப்புறந்தான் நீங்க மொத வார்த்தையே பேசமுடியும். நீங்க எந்த எடத்துல எழுதுனாலும் அதுதான் வரிசை. புரியுதுங்களா? இது புரிஞ்சாப் போதும், மத்ததெல்லாம் சும்மா.

பழசு நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு. ஆனா மெசேஜ் அனுப்பறதுக்கு நாங்க வெளிய இருந்து எடுத்துப் போட்டிருக்கற ஒரு சாமான், இனிமே புது மொறையிலதான் வரும்னு சொல்லிப்போட்டாங்க. எங்க ஓனரு பாத்தாரு. மார்கழியில எவனும் பொண்ணு பாக்க மாட்டான், கம்பெனி ஈ ஓட்டும், அந்த மாசத்துக்குள்ள அத்தனையும் மாத்திப்போடுங்கன்னாரு. நானும் சிந்துஜாவும் உக்காந்தோம்.

சிந்துஜாவப் பத்திச் சொல்லணுங்க. எங்க ஆபீஸ்ல எனக்கு அடுத்த சீட்டு. வேலையில கெட்டிக்காரி. ஆனா கொஞ்சம் மரியாதை தெரியாத பொண்ணு. நம்ம கோயமுத்தூருல உங்களுக்கே தெரியும், வயசு கூட இருந்தா வாய் நெறைய அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. எங்க ஆபீஸ்ல அத்தனை புள்ளைகளும் என்னைய லோகுண்ணான்னுதான் கூப்பிடும். நேத்து வந்து சேந்த பொண்ணு கூட லோகுண்ணான்னுது. இவ மட்டும் வந்த நாள்ல இருந்து லோகநாதன், லோகநாதன்னு முழுப்பேர் சொல்லித்தான் கூப்பிடறா. ஒருக்காக் கூட வாயில அண்ணான்னு வந்ததில்லீங்க. நானும் பெருசா எடுத்துக்கலை. சில பேரு அப்படித்தான்.

மொத நாளே போர்டுல படம் போட்டு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்ததே அவதான். 'இம்போர்ட் எல்லாம் முன்னாடியே ஓடிரும், நம்ம வரி அப்புறந்தான் ஓடும், யாரும் மறந்தராதீங்க'ன்னு. அதுக்கு அடியில சிவப்புல ரெண்டு கோடு வேற. அத நீங்க ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி சொல்றேன்.

மார்கழி பூரா ரெண்டு பேரும் ஒரே மேசைதான். அந்த மாசம் எப்படிப் போச்சுன்னே தெரியலீங்க. நான் ஒரு ஃபைல மாத்துவேன், அவ பாப்பா. அவ மாத்துனத நான் பாப்பேன். ஒரு நாளு, சாதக ஃபைலும் பொருத்த ஃபைலும் ஒன்னை ஒன்னு கூப்பிட்டுக்கிட்டு, நீ மொதல்ல வா, நீ மொதல்ல வான்னு ரெண்டும் நின்னுக்கிச்சு. புது மொறையில அது ஆவாது. நான் மண்டையப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சிந்துஜா என்னையப் பாத்து, 'யாராச்சும் ஒருத்தர் முன்னாடி வரணுமில்லீங்களா லோகநாதன்? ரெண்டு பேருமே காத்துக்கிட்டிருந்தா என்னிக்கு ஓடறது?'ன்னா. நல்ல பாயிண்ட்டுங்ண்ணா. நான் அப்படியே ஒரு ஃபைலப் பிரிச்சுச் சரிபண்ணிட்டேன். 'சரியாப் போச்சுங்க'ன்னு காட்டுனேன். அவ என்னவோ எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிட்டா. பாராட்டி ஒரு வார்த்தை சொல்லலை.

சரி, விசயத்துக்கு வர்றேன். மெசேஜ் சரியாப் போகுதான்னு ஒத்திகை பாக்கறதுக்குன்னே ஒரு ஃபைலு எழுதி வெச்சிருந்தேன், பழைய மொறையில. அதுல மொத வரி என்னன்னா, 'இது ஒத்திகை, யாருக்கும் நெசமா அனுப்பிராத.' அதுக்கு அடுத்த வரியிலதான் மெசேஜ் அனுப்பற ஃபைலக் கூப்பிடுவேன். அது உள்ள வரும்போது ஒரே ஒருக்காத்தான் கேக்கும், ஒத்திகையா நெசமான்னு. யாரும் ஒன்னும் சொல்லலீன்னா நெசம்னு எடுத்துக்கும். அதுக்கப்புறம் நீங்க தலைகீழா நின்னு கத்துனாலும் கேக்காது.

ஒத்திகைக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன் வேணுமில்லீங்களா? பையனுக்கு என்னோட பதிவு நம்பரையே போட்டேன். எங்கம்மா எம்பட கம்பெனியிலயே என்னைய பதிஞ்சு வெச்சு ரொம்ப நாளாச்சு. பொண்ணுக்கு சிந்துஜாவோட நம்பரப் போட்டேன். உடுமலையில இருக்கற அவங்கப்பாவும் பதிஞ்சு வெச்சிருக்காரு. ஏன் அவ நம்பரான்னு கேக்காதீங்க. ஞாபகம் இருந்துச்சு, போட்டேன். ஏழு மூணு ஒன்னு ஒன்பது சைபர் நாலு ரெண்டு. ஈஸியான நம்பருதானுங்களே? எத்தனையோ பொண்ணுக பதிவு எங்கிட்ட இருக்குது, வேற எதுவும் மனசுல நிக்கலை.

பொருத்தத்துக்குக் கையிலயே, தாலி பாக்கியத்துக்குப் பாக்கற ரஜ்ஜுவும் இருக்கற மாதிரி ஒன்பதுன்னும், எதிர் வீட்டார் சம்மதம்னும் போட்டேன். நெசக் கணக்கப் போட்டா ரஜ்ஜு இல்லீன்னு வந்துரும், மெசேஜே போகாது. அது எப்படித் தெரியும்னா... ஒரு நாளு போட்டுப் பாத்தேனுங்க. சும்மாத்தான். கணக்கு ஃபைலு சரியா ஓடுதான்னு பாக்கணுமில்ல? பாத்துட்டு அன்னிக்கு எனக்கு சோறே எறங்கலை. வெயிலு வேற.

அதுல ஒரு வேடிக்கை கேளுங்க. ஒரு ஜோடிக்கு யாராச்சும் முன்னாடியே பொருத்தம் பாத்திருந்தா, 'ஏற்கெனவே பாக்கப்பட்டது'ன்னு திரையில வரும். நான் மொதமொதல்ல போடறேன், அப்படி வருது! எனக்கும் சிந்துஜாவுக்கும் யாருங்க பொருத்தம் பாத்திருக்கப் போறாங்க? சர்வர் கோளாறுதான். சிந்துஜாகிட்டயே போயி, ஒரு ஜோடிக்கு இப்படித் தப்பாக் காட்டுதுங்கன்னேன். 'எந்த ஜோடி?'ன்னா. 'ஏதோ ஒன்னு'ன்னேன். 'சரி, பாக்கறேன்'னு கம்ப்யூட்டருக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டா. காது ரெண்டும் செவந்து போச்சு. ஏசி அன்னிக்கு சரியா வேலை செய்யல.

ஏனுங்ண்ணா சிரிக்கறீங்க? ஒன்னுமில்லையா? சரி.

அந்த ஒத்திகை ஃபைலப் புது மொறைக்கு மாத்துனேன். ரெக்வயர எடுத்துட்டு இம்போர்ட்டு போட்டேன், அவ்வளவுதான். 'இது ஒத்திகை'ங்கற மொத வரி எழுதுன எடத்துலயே இருக்குது. ஆனா இப்ப பரிமாறறவன் அதுக்கு முன்னாடியே உள்ள வந்து எலையப் போட்டாச்சு. எம்பட மொத வரி கடைசியா ஓடுது. எனக்கு உறைக்கலீங்க, சத்தியமா உறைக்கலை.

சரி, நாந்தான் பாக்கலை. ஒருத்தர் மாத்துனத இன்னொருத்தர் வரி வரியாப் பாத்து, சரின்னு பச்சைப் பொத்தான அமுக்குனாத்தான் எங்க ஆபீஸ்ல உள்ளயே போகும். பாத்தது யாரு? சிந்துஜா. ஃபைல் பேருக்குப் பின்னாடி ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட திருப்பி மூஞ்சியில அடிக்கற ஆளு! போர்டுல சிவப்புல கோடு போட்ட ஆளு! அந்த ஃபைல மட்டும் காலையில வாங்குனவ, பொழுது சாயறப்பத்தான் பச்சை அமுக்குனா. மத்தியானம் நான் எட்டிப் பாக்கறப்பக் கூட அந்த மொத வரியையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அத்தனை நேரம் பாத்தும் கண்ணுல படலை பாருங்க. என்னத்தச் சொல்றது. எல்லாம் என் கெரகம்.

பொங்கல் லீவு முடிஞ்சு வந்ததும் ஓட்டுனேன். ஒத்திகைன்னா மெசேஜு திரையிலதான் வரணும், ஒன்னும் வரலை. வரலையேன்னு டீ குடிக்கப் போறேன், எங்கம்மா கூப்பிடறாங்க. டேய் லோகு, டேய் லோகுன்னு அழுகை. 'ரஜ்ஜுவும் சேத்துப் பத்துக்கு ஒன்பது பொருத்தம், எதிர் வீட்டார் சம்மதம்னு வந்திருக்குதுடா. பொண்ணோட அப்பாரு பேசிட்டாருடா'ங்கறாங்க. சிந்துஜாவோட அப்பா, மெசேஜ் வந்த வேகத்துலயே எங்கம்மாவக் கூப்பிட்டுட்டாரு. அவருக்கும் பாவம், ரெண்டு வரன் அந்தப் பொண்ணுக்கு வாசல் வரைக்கும் வந்து தட்டிப் போச்சு. ரெண்டு பேரும் போன்லயே அழுது, போன்லயே சம்பந்தியாயிட்டாங்க. நான் டீக்கடையில டம்ளரோட நிக்கறேன். போன மெசேஜத் திருப்பி வாங்கறதுக்கு உலகத்துல ஒரு வழியும் இல்லீங்ண்ணா.

ஓனருகிட்டப் போனேன். 'வாயத் தொறந்தீன்னா கம்பெனி பேரு போயிரும், ரெண்டு வீடும் சந்தோசமா இருக்குதுல்ல, கம்முனு இரு'ன்னுட்டாரு. சிந்துஜாகிட்ட ஓடுனேன். வேத்துக் கொட்டுது எனக்கு. 'பெரிய தப்பு நடந்துபோச்சுங்க'ன்னேன். அவ ஒரு பதட்டமும் இல்லாம, 'அப்பா போன் பண்ணுனாருங்க. அவரு சிரிச்சு ரொம்ப நாளாச்சு'ன்னா. 'அதுக்காக பொய்ய எப்படிங்க அப்படியே விடறது?'ன்னேன். 'பொய்யா?'ன்னு கேட்டா. கேட்டுட்டு என் மூஞ்சியவே பாத்தா. நான் ஆமாங்கன்னு, வரிசை எப்படி மாறிப்போச்சுன்னு பூராத்தையும் வெளக்குனேன். கேட்டு முடிச்சுட்டு, 'தப்புன்னு தோணுச்சுன்னா எங்க வீட்டுக்கு நேர்ல வந்து எங்கப்பாகிட்டச் சொல்லுங்க லோகநாதன்'னுட்டுப் பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. கோவம். இருக்காதா பின்ன? ஒரு பொண்ணு பேரு இதுல அடிபடுதில்ல?

அதுக்குத்தானுங்க இப்பப் போறேன். பூ வெக்கறதுக்கு முன்னாடி அவங்கப்பாகிட்ட உண்மையச் சொல்லணும்.

சொல்லிருவேன். அவருகிட்டச் சொல்லிருவேன். எங்கம்மாகிட்டத்தானுங்க என்னால முடியலை.

எங்கப்பா நான் பள்ளிக்கூடம் போறப்பவே போயிட்டாருங்க. காச்சல்னு படுத்தாரு, எந்திரிக்கலை. எழவுக்கு வந்த ஒரு சோசியன், அத்தனை கூட்டத்துக்கு நடுவுல எங்கம்மா மூஞ்சிக்கு நேரா, 'உங்க ரெண்டு பேருக்கும் ரஜ்ஜு இல்ல, பாக்காமக் கட்டிக்கிட்டீங்க'ன்னு சொன்னானுங்ண்ணா. அப்பாவ இன்னும் எடுக்கக்கூட இல்ல. எங்கம்மா அழுதுட்டிருந்தவங்க அப்படியே நிறுத்திட்டாங்க. அன்னையில இருந்து, புருசன நாந்தான் முழுங்கிட்டேன்னு அவங்களுக்குள்ள உக்காந்துபோச்சு. எத்தனை சொல்லியும் போகலை. எனக்கு வந்த வரன்ல எங்கம்மா மொதல்ல கேக்கறது அழகு இல்ல, படிப்பு இல்ல. 'ரஜ்ஜு பாத்தீங்களா?' அது ஒன்னுதான்.

இப்ப அவங்ககிட்டப் போயி, அம்மா, அந்த ஒன்பது பொய்யி, ரஜ்ஜு இல்லைன்னு நான் எந்த வாயில சொல்லறது? உக்கடத்துல பஸ் ஏறறப்ப சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். கூடையில இருந்து ஒரு முழம் பூவ எடுத்து, 'இது அந்தப் புள்ளைக்கு நானே வெச்சு விடறேன்டா'ன்னு காட்டுனாங்க. அதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

சொன்னா அம்மா ஒடஞ்சு போயிருவாங்க. அதோட இதுவும் முடிஞ்சுது. இதுன்னா... இந்தச் சம்பந்தந்தானுங்க. எனக்கென்ன அதுல? ஒன்னுமில்ல. ஆனா நேத்துப் பூரா நெஞ்சுல யாரோ கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குது. சொல்லாம இருந்தாலோ, எம்பட தப்பு மேல அந்தப் பொண்ணு வந்து குடும்பம் நடத்தணும். என்ன பாவம் பண்ணுச்சு அது? கையும் ஓடலை, காலும் ஓடலைங்ண்ணா.

ஒரு நிமிசங்க. போனு. அட சாமி, அவதான்!

ஹலோ... சொல்லுங்க சிந்துஜா... ஆமாங்க, கெணத்துக்கடவு தாண்டியாச்சு... அம்மா முன்னாடி உக்காந்திருக்காங்க... இல்லீங்க, இன்னும் சொல்லலை... சொல்லணுமில்லீங்க... ஆமாங்க, மொத உங்கப்பாகிட்டச் சொல்லிட்டு... என்னதுங்க?... எந்த வரி?... மொத வரியா... ஹலோ... என்னது, அதையுமா?... எப்ப?... ஹலோ? ஹலோ சிந்துஜா?

வெச்சுட்டா.

அண்ணா. அவ என்ன சொன்னா தெரியுங்களா? 'எங்கப்பாகிட்ட தாராளமா உண்மையச் சொல்லுங்க. ஆனா அந்த மொத வரிய நான் பாத்துட்டேன், பாத்துட்டுத்தான் பச்சை அமுக்குனேங்கறதையும் சேத்துச் சொல்லுங்க'ங்கறா. ரஜ்ஜுவும் பாத்தாளாம். எனக்கு முன்னாடியே. அந்தச் சர்வர் கோளாறு... அது சர்வர் கோளாறு இல்லீங்ண்ணா. 'ரஜ்ஜு இல்லைன்னு தெரிஞ்சுதான் அமுக்குனேன். நீங்களா முன்னாடி வருவீங்கன்னு எத்தனை நாள் லோகநாதன் பாக்கறது?'ன்னு வெச்சுட்டா.

சிரிக்காதீங்ண்ணா. உங்களுக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்களா? அப்பவே சொல்லியிருக்கலாமில்ல! நான் அவகிட்டயே போயி வரிசைய வெளக்குனேன் பாருங்க. அவகிட்டயே. சுவத்துல போயி முட்டிக்கலாம் போல இருக்குது எனக்கு.

இனி எங்கம்மாவுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? அவ ரஜ்ஜுவத் தெரிஞ்சுக்கிட்டே வர்றேங்கறா. எங்கம்மா அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை வருசமா...

என்னங்கம்மா? இங்கதான் இருக்கேன்... போனா? ஆபீஸ்ல இருந்துங்கம்மா... இல்லீங்கம்மா, கோளாறெல்லாம் ஒன்னுமில்ல... இல்ல, அழுகலை, தூசி... நெசமாத்தான் சொல்றேங்கம்மா, ஒன்னும் தப்பாப் போகலை.

பாத்துட்டுத்தான் விட்டாங்களாம்.